ஊதா மையில் மூன்று வரி

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் எங்கள் எல்லோருக்கும் அவர் நிதானம் அக்கா. எதிர்முனையில் யார் எப்படிக் கதறினாலும், போனை எடுத்ததும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்த வார்த்தைதான். "நிதானமா சொல்லுங்க. நான் கேட்டுட்டேதான் இருக்கேன்." குரலில் அதட்டலும் இருக்காது, கொஞ்சலும் இருக்காது. எங்கள் ஓட்டுநர்களில் ஒருவர் வயர்லெஸ்ஸில், "நிதானம் இருக்காங்களா? அவங்களைக் கேட்டுச் சொல்லுங்க" என்று ஒருநாள் சொல்லிவைக்க, பெயர் ஒட்டிக்கொண்டது. சம்பளப் பட்டியலைப் பார்க்கும்போதுதான் அவருக்கு இன்னொரு பெயர் இருப்பதே எங்களுக்கு நினைவுக்கு வரும்.

பதினோரு வருஷம் அவருக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தவன் நான். அவரைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டபோது, "என்னைப் பத்தி எழுத என்ன இருக்கு தம்பி? போனை எடுத்தேன், வச்சேன்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழுதறதுன்னா அந்தக் கண்ணாடிக் கடைக்காரரை ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுது" என்றார். போய்க் கேட்டேன். அவர் சரி என்ற பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் அறை வண்டிக் கொட்டகைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. எட்டு மேசை, எட்டு போன், ஒரு சுவர் முழுக்க நகரத்தின் வரைபடம். கல் விழுந்தால் சிதறக் கூடாது என்று ஜன்னல் கண்ணாடிகளில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டியிருந்தோம். அந்த வருஷம் நகரம் ஒரு நிலையில் இல்லை. எதனால் தொடங்கியது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எங்களுக்கு வந்த போன்களில் காரணம் இருக்காது, காயம்தான் இருக்கும். ஊரடங்கு போட்டார்கள், தளர்த்தினார்கள், மறுபடியும் போட்டார்கள். காலையில் திறந்திருந்த பாலம் மதியம் மூடிக் கிடக்கும். மூடிய சாலைகளுக்கு வரைபடத்தில் சிவப்பு ஊசி குத்துவோம். இரண்டாவது வாரமே சிவப்பு ஊசி தீர்ந்துபோய், மிச்சமிருந்த பச்சை ஊசிகளின் தலையில் நகப்பூச்சு தடவிக் குத்தினோம். நகப்பூச்சு அக்காவுடையது.

மூன்றாவது வாரம் இணையத்தை நிறுத்தினார்கள். கணினிகள் ஊமையாயின. அழைப்புகளைப் பதிவு செய்யும் கருவியும் கூடவே படுத்துவிட்டது. பின்பக்கப் பதிவேட்டு அறையிலிருந்து பழைய காகிதச் சீட்டுக் கட்டுகளையும் பென்சில், அழிரப்பர் பெட்டிகளையும் தூசு தட்டிக் கொண்டுவந்து வைத்தார் எங்கள் மேற்பார்வையாளர். ஒரு சீட்டில் மூன்றே கோடுகள். முதல் கோட்டில் இடம், இரண்டாவதில் நடந்தது, மூன்றாவதில் இப்போதைய நிலை.

"உங்க அபிப்பிராயத்துக்கு இதுல இடம் கிடையாது. கேட்டதை மட்டும் எழுதுங்க" என்று அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார் அவர்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, எப்படியோ அச்சாகி வந்திருந்த ஒரு செய்தித்தாளில் ஹைக்கூ கவிதைகள் நாலைந்து போட்டிருந்தார்கள். போன் ஓய்ந்த நேரத்தில் நான் அதை வாய்விட்டுப் படித்தேன். தவளை, குளம், நிலா என்று இருந்தது.

"இது நம்ம சீட்டு மாதிரியே இருக்கேக்கா" என்றேன். "மூணு வரி. சொந்த அபிப்பிராயம் கிடையாது."

"ஆனா இதுல யாருக்கும் அடிபடலையே" என்றார் அக்கா. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தத் தாளை இங்க கொடு" என்று கை நீட்டினார். வாங்கிப் படித்துவிட்டு மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அதோடு அது முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அந்த அழைப்பு வந்தது ஊரடங்கின் பத்தொன்பதாம் நாள், மதியம் இரண்டு மணி ஒன்பது நிமிஷத்துக்கு. பேசியவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மனைவிக்கு மூச்சு வாங்குகிறது, நெஞ்சு அடைக்கிறது என்றார். நான்காவது மாடி, மின்சாரம் இல்லை, லிஃப்ட் ஓடாது. அக்கா வண்டியை அனுப்பிவிட்டு லைனிலேயே இருந்தார். படுக்க வைக்காதீர்கள், தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்கார வையுங்கள், ஜன்னலைத் திறந்து விடுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அந்த மனிதர் செய்துகொண்டிருந்தார்.

பாலம் மூடியிருந்தது. வண்டி சுற்றுப்பாதையில் போனது. இரண்டு தடுப்புகளில் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். இரண்டு முப்பத்தொன்றுக்கு ஓட்டுநர் வயர்லெஸ்ஸில் வந்தார். இன்னும் ஐந்து நிமிஷத்தில் அந்தத் தெருமுனைக்கு வந்துவிடுவேன், ஆனால் தெருப் பலகைகளையெல்லாம் பிடுங்கி எறிந்திருக்கிறார்கள், வழிகேட்க வெளியில் ஓர் ஆள் இல்லை, யாராவது முனையில் வந்து நின்றால் நல்லது என்றார். இப்படி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கு விதி இருக்கிறது. அக்கா அந்த விதிப்படிதான் செய்தார்.

"போனை அவங்க கையில கொடுத்துட்டு நீங்க கீழ போய் முனையில நில்லுங்க. அவங்களோட நான் பேசிட்டிருக்கேன்."

அவர் போனார். அடுத்த நிமிஷமே ஓட்டுநர் மறுபடியும் வயர்லெஸ்ஸில் வந்தார். முன்னால் டயர் எரிகிறது, திருப்பி அனுப்புகிறார்கள், வேறு வழியாக வருகிறேன் என்றார். கீழே போனவரைத் திரும்பக் கூப்பிட வழியில்லை. அவருடைய போன் மனைவியின் கையில் இருந்தது.

பதினாறு நிமிஷம் அந்த அம்மாள் பேசினார். விட்டுவிட்டுப் பேசினார். அவர் என்ன பேசினார் என்பது அக்காவுக்குத்தான் கேட்டது. எனக்குக் கேட்டது அக்காவின் பக்கம் மட்டும். "ஆமாம்மா." "இல்லம்மா, இன்னும் இல்ல." "வந்துட்டே இருக்காரு." பிறகு வெகுநேரம் ஒரே வாக்கியம். "நான் இங்கதாம்மா இருக்கேன்." அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை என்பது அக்காவின் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு ஐம்பத்தெட்டுக்கு அந்த வீட்டுக் கதவு திறக்கும் சத்தமும், ஓடி வரும் காலடிகளும், கணவர் கூப்பிடும் குரலும் கேட்டதாம். வண்டியில் போன எங்கள் உதவியாளர்தான் போனைக் கையில் எடுத்து, "அக்கா, வச்சிடுங்க" என்றிருக்கிறார்.

சீட்டின் மூன்றாவது கோட்டில் அக்கா எழுதியது: பேச்சு நின்றது, 2.47.

அன்று வேலை முடியும்வரை இன்னும் பதினான்கு அழைப்புகளை எடுத்தார். குரல் மாறவேயில்லை. மறுநாளும் அப்படித்தான். ஆனால் பென்சில் முனை ஒடிந்துகொண்டே இருந்தது. அவ்வளவு அழுத்தி எழுதினார். மூன்றாம் நாள் காலையில் அவர் மேசை போன் அடித்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கை மடியிலேயே கிடந்தது. நான்கு முறை மணி அடித்த பிறகு நான் எட்டி எடுத்தேன். பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது அக்கா என்னிடம், "கை வரமாட்டேங்குது தம்பி" என்றார். காய்ச்சல் அடிக்கிறது என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

மேற்பார்வையாளர் கறாரான ஆள்தான், கல்நெஞ்சுக்காரர் இல்லை. வீட்டுக்கு அனுப்பினால் இன்னும் மோசமாகும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பதிவேட்டு அறைக்கு அனுப்பினார். மலைபோலக் குவிந்து கிடக்கும் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிக் கட்ட வேண்டும். போன் கிடையாது. ஒரு மேசை, ஒரு ஜன்னல், தேதி முத்திரை குத்த ஊதா மை ஊறிய ஒரு ஸ்டாம்ப் பேட். ஆள் அரவமே இருக்காது.

அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். மின்சாரம் இல்லாத நகரத்தில் அவருக்கு வேலையே இல்லை. வீட்டில் சமைத்துவைத்துவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "லிஃப்ட் நின்னா என்னைக் கூப்பிடறாங்க. நீ நின்னுட்டா நான் யாரைக் கூப்பிடறது?" என்று அவர் ஒருநாள் கேட்டாராம். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அக்காவுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அந்த நாட்களில் எதுவுமே வரவில்லை என்று பிற்பாடு சொன்னார்.

பதிவேட்டு அறையில் நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, கிழிந்த சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் அவர் மூன்று வரி எழுதியிருந்தார். நான் தேநீர் கொண்டுபோனபோது அது மேசைமேல் கிடந்தது.

*எதிர்வீட்டு ஜன்னல்*
*மூடியிருந்தது, மூடியே இருக்கிறது*
*தொட்டியில் புதுத் துளிர்*

"அக்கா, இது நீங்க எழுதினதா?"

"எழுதினது இல்ல. பார்த்தது" என்றார். "இடம், நடந்தது, நிலை. அவ்வளவுதான். சீட்டு நிரப்பற மாதிரி நிரப்பினேன். நிரப்பி முடிக்கறவரைக்கும் அந்தம்மா குரல் கேக்கல. மொத்தம் ரெண்டு நிமிஷம் இருக்கும்."

இரண்டு நிமிஷம் என்று அவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நேரத்தைச் சரியாகச் சொல்லிப் பழகியவர்.

அதற்குப்பின் ஒரு நாளைக்கு ஒன்று என்று எழுதினார். எழுதி முடித்தால் திரும்பவும் வெறுமை. அந்த வெறுமையில் கைக்கு ஏதாவது வேண்டியிருந்தது. பென்சில் சீவும் பிளேடால் அழிரப்பரின் மூலையை இழைத்துக்கொண்டிருந்தவர், அது இலைபோல வந்திருப்பதைப் பார்த்து ஸ்டாம்ப் பேடில் ஒற்றி, அந்தத் துளிர்க் கவிதைக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தியிருக்கிறார். ஊதா நிறத்தில் ஓர் இலை பதிந்தது. காம்பு ஒடிந்த இலை. அடுத்த அழிரப்பரை எடுத்துக் காம்போடு செதுக்கினார்.

அப்படித்தான் தொடங்கியது. இருபது வருஷமாகத் தீராமல் பெட்டிபெட்டியாகக் கிடந்த அழிரப்பர்கள். மேற்பார்வையாளர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "அரசாங்கச் சொத்தைக் குடைஞ்சு தள்ளறீங்களே" என்றார். "உடைஞ்சதைத்தாங்க எடுத்தேன்" என்றார் அக்கா. மறுநாள் மேற்பார்வையாளர் ஒரு பெட்டியைத் தூக்கி வந்து, "இதெல்லாம் உடைஞ்சதுதான்" என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை.

பிளேடு நேர்க்கோட்டில் வெட்டும், வளைவுக்கு வராது. அக்கா வீட்டில் குறைப்பட்டுக்கொண்டிருக்கிறார். அவர் கணவர் கிழிந்த குடை ஒன்றைப் பிரித்து, உள்ளே குழிந்திருக்கும் கம்பியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, முனையைக் கல்லில் தீட்டி, மரக் கைப்பிடி போட்டுக் கொடுத்தார். அது அழிரப்பருக்குள் கத்திரிக்காயில் கத்தி இறங்குவதுபோல இறங்கியது. மூன்று அளவில் மூன்று உளி. வாரக்கணக்கில் வேலை இல்லாத மனிதருக்கும் அதில் ஒரு தெம்பு வந்துவிட்டது. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது கல்லும் கம்பியுமாக உட்கார்ந்திருப்பாராம்.

எழுத்தைச் செதுக்குவதுதான் கஷ்டம். அழிரப்பரில் எல்லாம் இடம்வலமாக மாற வேண்டும். மெல்லிய தாளில் மையான பென்சிலால் எழுதி, அதைக் கவிழ்த்து அழிரப்பர்மேல் தேய்த்தால் எழுத்து மாறிப் பதியும். அதைச் சுற்றிக் குடைய வேண்டும். ஒரு எழுத்துக்கு ஒரு அழிரப்பர். 'ழ' மட்டும் ஆறுமுறை உடைந்தது. ஏழாவது நின்றது. அதை எனக்குக் காட்டியபோதுதான் பல நாட்களுக்குப் பிறகு அக்காவின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சத்தைப் பார்த்தேன்.

வெளியே எதுவும் சரியாகிவிடவில்லை. அந்த வாரம்தான் சந்தையை எரித்தார்கள். எங்கள் வண்டி ஒன்றின் கண்ணாடியை நொறுக்கினார்கள். அன்றைக்கு அக்கா அச்சடித்தது இது:

*சாம்பல் விழும் வீதி*
*குடை விரித்து நடக்கிறார்*
*மழை இல்லை*

அடியில் சின்னதாக ஒரு குடை. கம்பிகள் எட்டும் தெரிந்தன.

மூன்று வாரம் கழித்து அவர் தானாகவே மேசைக்குத் திரும்பினார். யாரும் வரச் சொல்லவில்லை. ஒரு காலையில் வந்து உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார். முதல் அழைப்பு பிரசவ வலி. பேசி முடித்து, சீட்டை நிரப்பி, வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரியாயிட்டீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"சரியாகல. ஆனா கை வருது" என்றார்.

அந்த அம்மாளைப் பற்றி அவர் பேசியதே இல்லை. ஆனால் அவரைப் பற்றியும் ஒன்று செதுக்கியிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. அது கைப்பையில் ஓர் உறைக்குள் இருந்தது.

அந்த அழைப்பு வந்து இரண்டு மாதம் கழித்து, பகல் நேர ஊரடங்கை எடுத்துவிட்டிருந்த சமயத்தில், கண்ணாடிக் கடைக்காரர் வந்தார். கீழே வரவேற்பு மேசையில் ஒரு விண்ணப்பம் கொடுத்தார். அன்றைய அழைப்பின் ஒலிப்பதிவு வேண்டும். மேற்பார்வையாளர் இறங்கிப் போய், கருவி அப்போது ஓடவில்லை, பதிவே இல்லை என்று விளக்கினார். "அப்ப அன்னிக்குப் பேசினவங்களையாவது நான் பார்க்கணும்" என்றாராம் அவர்.

மேற்பார்வையாளர் மேலே வந்து அக்காவின் மேசையருகே நின்றார். "நீங்க பார்க்கணும்னு கட்டாயம் இல்லம்மா. முடியாதுன்னு நான் சொல்லிடறேன். விதியிலயும் இடம் இருக்கு."

அக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்தார். "பதிவே இல்லைன்னா என்கிட்ட மட்டும்தானே இருக்கு" என்றார். "வரச் சொல்லுங்க."

பதிவேட்டு அறையில் மூன்று நாற்காலி போட்டோம். சாட்சிக்கு ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பதால் நான் இருந்தேன். வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். ஒல்லி. இஸ்திரி போட்ட சட்டை, ஆனால் பொத்தான் ஒன்று மாற்றி மாட்டியிருந்தது. உட்கார்ந்ததும் சுற்றிவளைக்காமல் கேட்டார்.

"நான் கீழ போன பிறகு அவ என்ன பேசினா?"

அக்கா கைப்பையைத் திறந்து அந்த உறையை எடுத்து நீட்டினார். அவர் தாளைப் பிரித்தார். நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஊதா மையில், எழுத்தெழுத்தாகச் செதுக்கி அச்சடித்தது. கூடவே ஒரு தீபம்.

*காற்றில் நடுங்கும் சுடர்*
*வாசலைப் பார்த்தபடி*
*மெல்ல உறங்கியது*

அவர் இரண்டுமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம்முறை படித்தார்.

"நல்லா இருக்குங்க" என்றார். "ரொம்ப நாள் உட்கார்ந்து செஞ்சிருக்கீங்க, தெரியுது. ஆனா இதுல அவ இல்லை. அவளுக்குச் சுடர் கிடர்னெல்லாம் பேச வராது." தாளை மேசைமேல் வைத்து மெதுவாக அக்காவின் பக்கம் தள்ளினார். "அவ என்ன சொன்னாளோ, அதை மட்டும் சொல்லுங்க. போதும்."

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. பதினோரு வருஷத்தில் அவர் தலை குனிந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். தாளை எடுத்து நான்காக மடித்தார். பிறகு நிமிர்ந்து, அழைப்பு விவரம் சொல்லும் அதே குரலில், வரிசையாகச் சொன்னார்.

"நீங்க கதவைச் சாத்தினதும், 'போயிட்டாரா'ன்னு கேட்டாங்க. போயிட்டாருன்னேன். 'செருப்பு போடாமப் போயிட்டாரு'ன்னாங்க. நான் பரவாயில்லம்மா, மூச்சை மெதுவா இழுங்கன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், 'தார் ரோடு சுடும்'னாங்க. ஜன்னல் வழியா தெரியுதான்னு பார்க்க எழுந்துக்கவான்னு கேட்டாங்க. வேண்டாம்னேன். 'உங்க பேரு என்ன'ன்னு கேட்டாங்க, சொன்னேன். 'நீங்க சாப்பிட்டாச்சா'ன்னு கேட்டாங்க. இன்னும் இல்லம்மான்னேன். 'ரெண்டரை ஆகுதே'ன்னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம்தான். கடைசியா, 'வந்துடுவார்ல'ன்னு கேட்டாங்க. வந்துட்டே இருக்காருன்னேன். அப்ப நீங்க எங்க இருந்தீங்கன்னு எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் சொன்னேன்."

வெளியே ஒரு வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அது போய் மறைந்தது.

"பயந்தாளா?" என்று கேட்டார் அவர்.

அக்கா மடித்த தாளைக் கீழே வைத்தார். "கொஞ்சம் பயந்தாங்க" என்றார். "உங்களைப் பத்திப் பேசினப்ப பயம் தெரியல."

அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். "பாதம் ரெண்டும் கொப்பளிச்சுப் போச்சு. எப்படி ஆச்சுன்னு எனக்கு விளங்கவேயில்லை. டாக்டர் கேட்டாரு, எனக்குச் சொல்லத் தெரியல. செருப்பு போடலைங்கறது இப்ப நீங்க சொல்லித்தான் தெரியுது." கைக்குட்டையை எடுத்தார், முகத்துக்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "விட்டுட்டுப் போயிட்டானேன்னு நினைச்சிருப்பாளோன்னு ரெண்டு மாசமா..."

அக்கா சொன்னார்: "உங்களைக் கீழ போகச் சொன்னது நான்தான்."

"தெரியும். உங்க குரலை மறக்க முடியுமா?" அவர் அக்காவின் முகத்தை முதல்முறையாக நேராகப் பார்த்தார். "சில நாள் உங்க மேல கோபம் வரும். சில நாள் வராது. இன்னிக்கு வரல."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அக்காவும் மன்னிப்புக் கேட்கவில்லை. எழுந்து போகும்போது மட்டும், "அந்த வார்த்தைகளை அப்படியே எழுதித் தர முடியுமா? எனக்கு மறதி அதிகமாயிட்டு வருது" என்றார். அக்கா ஒரு சீட்டை எடுத்து எழுதினார். எழுதி முடித்துச் சரிபார்க்கத் தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார். வாசலில் நின்று அதைக் கவனித்தவர், "உங்களுக்குப் படிக்கறதுக்குக் கண்ணாடி வேணும். ஒண்ணரை பவர் இருக்கும். கடைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அன்று மாலை அக்கா அந்தத் தீபத்தையும் சுடரையும் செதுக்கிய அழிரப்பர்களைப் பிளேடால் துண்டு துண்டாக அரிந்து குப்பையில் போட்டார். நான் தடுக்கப் போனேன்.

"விடு தம்பி. அந்தம்மா பேசினது எனக்குத் தாங்கல. அதனால அழகாக்கி வச்சிருந்தேன். எனக்காகச் செஞ்சது அது, அவங்களுக்காக இல்ல."

அதற்குப்பின் அவர் எழுத்து மாறியது. மூன்று வரியில் தன் கையிலிருந்து எதையும் சேர்ப்பதில்லை என்று ஒரு பிடிவாதம் வந்தது. அந்த அம்மாளுக்காக மறுபடியும் செதுக்கினார். இம்முறை மூன்று வாரம் ஆயிற்று. செருப்பின் வார் மெல்லியது, உளி பட்டால் அறுந்துவிடும். கணவர் இன்னும் மெல்லிசான கம்பியைத் தீட்டிக் கொடுத்தார். கடைசியில் ஒரு ஜோடிச் செருப்பு ஒழுங்காக வந்தது.

*செருப்பு போடாமப் போயிட்டாரு*
*தார் ரோடு சுடும்*
*நீங்க சாப்பிட்டாச்சா*

வெட்டினதும் ஒட்டினதும் இல்லாமல், அந்த அம்மாள் சொன்னது சொன்னபடி. இரண்டே பிரதி எடுத்தார். ஒன்றைக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். கடைக்காரர் அதைச் சட்டம் போட்டு மாட்டவில்லை. கண் பரிசோதிக்கும் மேசையின் இழுப்பறையில், லென்ஸ் பெட்டிகளுக்குக் கீழே வைத்திருக்கிறார். இதை எழுத அனுமதி கேட்கப் போனபோது எடுத்துக் காட்டினார். மடிப்பில் தாள் நைந்திருந்தது. அக்காவுக்கு அவர் கண்ணாடியும் போட்டுக் கொடுத்தார். ஒன்றரை பவர் என்று சொன்னது சரியாகத்தான் இருந்தது.

கலவரம் அதோடு நின்றுவிடவில்லை. இன்னும் ஒன்றரை வருஷம் விட்டுவிட்டு நடந்தது. எங்களில் இருவர் வேலையை விட்டுப் போனார்கள். கணினிகள் திரும்பி வந்தன, சீட்டுகள் மறுபடியும் பதிவேட்டு அறைப் பரணுக்குப் போயின. ஆனால் கடினமான அழைப்பு ஒன்றை முடித்தவர்கள் எழுந்து பதிவேட்டு அறைக்குப் போய்ப் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது. அங்கே குடைக்கம்பி உளிகளும் ஊதா மையும் எப்போதும் இருந்தன. நான் செதுக்கிய மாடு நாற்காலிபோல இருந்ததாக இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். மேற்பார்வையாளரும் ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் உள்ளே இருந்தார். என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு பத்திரிகைக்காரர் எப்படியோ கேள்விப்பட்டு, எல்லாவற்றையும் புத்தகமாகப் போடலாம் என்று வந்தார். அக்கா மறுத்துவிட்டார். "பாதி வரி போன்ல பேசினவங்களோடது. அவங்க என்கிட்ட பேசினது ஆம்புலன்ஸ் வரணும்னு. புத்தகத்துல வரணும்னு இல்ல" என்றார். சொந்தமாகப் பார்த்து எழுதியவற்றை மட்டும் பன்னிரண்டு தாளாக நூல் போட்டுத் தைத்து, நண்பர்களுக்குத் தந்தார். என்னிடம் ஒன்று இருக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது:

*பேருந்து வரும் என்கிறார்கள்*
*நிறுத்தத்தில் எட்டுப் பேர்*
*ஒரு பூனையும்*

போன வருஷம் ஓய்வு பெற்றார். மனசு அமைதியாகிவிட்டதா என்று ஒருமுறை நேராகவே கேட்டேன். "அந்தம்மா இன்னமும் வருவாங்க" என்றார். "முன்னெல்லாம் வந்தா நான் எழுந்து ஓடுவேன். இப்ப உட்கார்ந்து கேக்கறேன்."

இதை எழுதத் தொடங்குவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். முன்னறை ஜன்னலோரம் மேசை போட்டு, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, பெரிய அழிரப்பர் ஒன்றில் காகம் செதுக்கிக்கொண்டிருந்தார். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுவிட்சைப் பிரித்துப் போட்டிருந்தார். இப்போது லிஃப்டெல்லாம் ஓடுகிறது, அவருக்கு வேலை தலைக்கு மேல்.

எட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "கோழி நல்லா வந்திருக்கு."

"காக்கா" என்றார் அக்கா.

"இல்லம்மா, கோழிதான். தம்பியைக் கேளு."

நான் பார்த்தேன். அலகு பருத்து, தலையில் மேடு தட்டி, வால் தூக்கி, சந்தேகத்துக்கு இடமில்லாமல் கோழிதான். அக்கா அழிரப்பரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு மையில் ஒற்றித் தாளில் பதித்து, பென்சிலை எடுத்துப் பக்கத்தில் எழுதினார்.

*காக்கை என்றுதான் தொடங்கினேன்*
*கொண்டை முளைத்துவிட்டது*
*கோழியே, வா*

கணவர் வாய்விட்டுச் சிரித்தார். அக்கா அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "மை காயல, ஓரத்தைப் பிடி" என்றார். கையை நீட்டிப் பிடித்தபடியே பேருந்து நிறுத்தம்வரை நடந்தேன்.